வீட்டு டிவியில் எங்கள் ஆபீஸ்

படப்பையில் நான் கணக்கு வேலை பார்க்கும் உதிரிபாகக் கம்பெனிக்குப் புதிய கம்ப்யூட்டர்கள் வந்த நாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. மேசைக்கடியில் காலை நீட்டவிடாமல் நின்ற பெரிய பெட்டிகள் போய், டிபன் பாக்ஸ் அளவில் கறுப்பாக ஆளுக்கொன்று வந்தது. எங்களுக்கெல்லாம் சந்தோஷம். மேலாளருக்கு மட்டும் கவலை. "இத்தனூண்டு இருந்தா யார் வேணா பையில போட்டுட்டுப் போயிடலாமே" என்றார். ஒவ்வொன்றையும் மானிட்டரின் முதுகில் வைத்து முடுக்கச் சொல்லி, ஸ்க்ரூ டிரைவரைத் தன் டிராயரில் பூட்டிக்கொண்டார். ஆபீஸ் பேனாவை யாராவது மறந்து எடுத்துப் போனால்கூட மறுநாள் கேட்டு வாங்குகிற மனிதர்.

அடுத்த மழைக்காலத்தில் என் கணவர் பைக்கிலிருந்து சறுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஒரகடத்துக்குத் தொழிற்சாலை பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர். ஆபரேஷன் முடிந்து பீர்க்கன்கரணை வீட்டுக்கு வந்தபின் எழுந்து உட்காரவே துணை வேண்டியிருந்தது. வீட்டில் நாங்கள் இருவர்தான். காயத்தைவிட அவருடைய மௌனம்தான் என்னைப் பயமுறுத்தியது. ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவர், டிவியைப் பார்த்தபடி படுத்திருப்பார். என்ன ஓடுகிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

லீவு தீர்ந்ததும் மேலாளரிடம் போய் வேலையை விட்டு நின்றுகொள்வதாகச் சொன்னேன். காரணத்தைக் கேட்டுக்கொண்டார்.

"வீட்டுல நெட் இருக்காம்மா?"

"இருக்கு சார்."

டிராயரைத் திறந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். என் மேசையருகே குனிந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கம்ப்யூட்டரைத் தானே கழற்றி என் சாப்பாட்டுப் பைக்குள் வைத்தார். "டிவியிலயே மாட்டிக்கலாம். முதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன், நீங்க கிளம்புங்க" என்றார். முதலாளி சத்தம் போட்டதும், தொலைந்தால் நான் பொறுப்பு என்று மேலாளர் நின்றதும் எனக்குப் பிற்பாடுதான் தெரியவந்தது.

வீட்டில் இருந்தது ஒரே டிவி. கட்டிலுக்கு எதிரே பகலெல்லாம் அதில், சரக்கேற்றிப் போகும் வண்டி நம்பர்களோடு கம்பெனி பில்கள் ஓடின. ஒருநாள் பின்னாலிருந்து குரல் வந்தது. "ஏம்மா, மேல ஒரு வண்டி நம்பர் போட்டுக்கீற. கீழ வேற கீது." பார்த்தேன், தப்புதான். அதன்பிறகு அவர் படுத்தபடியே எண்களைப் படிப்பார், நான் சரிபார்ப்பேன். இடையிடையே ஒரகடம் ரோட்டில் எந்த டிரைவர் எப்படி என்று கதைகளும் வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலாளர் ஸ்கூட்டரில் ஒரு மானிட்டரைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். "உங்க டிவியைப் புடுங்கிக்கிட்டோமே. மேட்ச் பார்க்க வேணாமா சார்?" என்று என் கணவரிடம் கேட்டார்.

"வோணாம் சார், இதுவே நல்லாகீது. நானும் வேலைக்குப் போய்க்கினு கீற மாதிரி கீது."

மேலாளர் ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். நான் காபியோடு திரும்பியபோது இருவரும் திரையில் ஒரு பில்லைக் காட்டி வாதாடிக்கொண்டிருந்தார்கள். மானிட்டர் வந்த வழியே திரும்பிப் போனது.

இப்போது என் கணவர் மறுபடி பஸ் ஓட்டுகிறார். மேலாளர் ஓய்வுபெற்றுத் திருநீர்மலையில் மகள் வீட்டில் இருக்கிறார். வாரத்தில் ஒருநாளாவது டூட்டி முடிந்து அங்கே போய்விட்டுத்தான் இவர் வீடு திரும்புகிறார். அப்படி என்னதான் பேசுவீர்கள் என்று கேட்டால், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே சொல்வார்: "அது ஆபீஸ் விசயம்மா. உனக்கு இன்னாத்துக்கு?"