டேஷ்போர்டைக் கழற்ற இரண்டு பேர்

எங்கள் காரின் டேஷ்போர்டைக் கழற்ற இரண்டு பேர் வேண்டும். ஸ்க்ரூ, போல்ட் எல்லாவற்றையும் ஒருவரே கழற்றிவிடலாம். கடைசியில் அதைத் தூக்கும்போதுதான் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, கொஞ்சம் சாய்த்து, இடதுபக்கக் கதவு வழியாக வெளியே கொண்டுவர வேண்டும். அந்த இரண்டாவது ஆள் நான்தான் என்று மூன்று நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கார் என் மாமனார் வாங்கியது. சின்னக் கார், இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. குத்தாலத்துக்குப் பக்கத்தில் பம்புசெட் மோட்டார் ரிப்பேர் பட்டறை வைத்திருந்தவர் அவர். அவருக்குப் பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவர் என் நாத்தனார், இளையவர் என் வீட்டுக்காரர். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் இருவருக்கும் பட்டறையில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கிற வேலை. மாமனார் போய் ஆறு வருஷம் ஆகிறது. நாத்தனார் கல்யாணமாகித் தஞ்சாவூரில் இருக்கிறார். காரும் நாங்களும் அதே வீட்டில் இருக்கிறோம்.

அந்த வருஷம் தை கடைசியில் வீட்டுக்குப் பின்னால் உள்ள வயலில் அறுப்பு மிஷின் இறங்கியது. வயலில் இருந்த எலிகள் எங்கே போகும்? ஒன்று எங்கள் கொட்டகைக்கு வந்து காருக்குள் குடித்தனம் புகுந்திருக்கிறது. ஒரு வாரம் கழித்துக் கதவைத் திறந்தால் அப்படியொரு நாற்றம். மெக்கானிக் வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தார்.

"ஏசி கூலிங் பெட்டிக்குள்ள போய்ச் செத்திருக்குங்க. டேஷ்போர்ட இறக்காம கை போகாது. இப்ப ஆள் இல்ல, பத்து நாள் ஆகும்."

அவர் போன பிறகு என் வீட்டுக்காரர் சொன்னார்: "பத்து நாளா? ஞாயித்துக்கெழம நம்மளே இறக்கிடலாம்."

நம்மளே. அந்த 'நம்ம'வில் நானும் இருக்கிறேன் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? கொட்டகையில் அப்போது நின்றது நாங்கள் இரண்டு பேர்தான்.

நான் குத்தாலம் கடைவீதியில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். மத்தியானம் இரண்டிலிருந்து நான்கு வரை கடையில் ஈ காக்கை இருக்காது. மூன்று நாளும் அந்த நேரத்தில் போனில் வீடியோ பார்த்தேன். யாரோ ஒருவர், எங்கள் காரைப் போலவே ஒரு கார், ஒவ்வொரு ஸ்க்ரூவாகக் காட்டிக் கழற்றுகிறார். நிறுத்தி நிறுத்திப் பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். முதலில் பேட்டரி ஒயரைக் கழற்ற வேண்டும். ஸ்டியரிங்குக்குக் கீழே இரண்டு, மீட்டரைச் சுற்றி நான்கு, கதவோரம் பக்கத்துக்கு ஒன்று. கடைசியாக யாருமே கவனிக்காத ஒன்று: நடுவில் இருக்கும் சாம்பல் தட்டை முழுதாக உருவி எடுத்தால் அதற்குப் பின்னால் ஒரு போல்ட். "இதை விட்டுவிட்டு இழுத்தால் டேஷ்போர்டு உடைந்துவிடும்" என்று அந்த ஆள் இரண்டு முறை சொன்னார். அதன் அடியில் கோடு போட்டு வைத்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அந்தத் தாளை நீட்டலாம் என்று காபியோடு போனால், என் வீட்டுக்காரர் போனை வைத்துவிட்டுச் சிரித்த முகமாகத் திரும்பினார்.

"அக்காகிட்ட சொல்லிட்டேன். காலைல மொத பஸ்ஸுக்கு வந்துடும்."

தாள் ஜாக்கெட்டுக்குள்ளேயே இருந்தது. காபியை வைத்துவிட்டு வந்தேன். எனக்கு வயிறு எரிந்தது. இதை வேறு எப்படிச் சொல்வது?

என் நாத்தனார் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். மறுநாள் காலையில் வந்து இறங்கியவர் கையில் எனக்கென்று திருவையாற்று அசோகா அல்வா. யார் மூலமாகவோ சொல்லிவைத்து வாங்கியிருக்கிறார். "உனக்குப் பிடிக்கும்ல, அதான்" என்று என் கையில் கொடுத்துவிட்டு, சுடிதாருக்கு மேல் ஒரு பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நேராகக் கொட்டகைக்குப் போனார். கார் கதவைத் திறந்ததும் இருவரும் ஒரே நேரத்தில் "ஐயய்யோ" என்று ஓடி வந்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். செத்த எலிக்கு என்ன சிரிப்பு? என்னோடு என் வீட்டுக்காரர் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று நான் அடுப்படி ஜன்னலில் நின்று யோசித்தேன்.

கடையிலிருந்து மாத்திரை போட்டுக் கொடுக்கும் சின்னக் காகித உறைகள் கொஞ்சம் கொண்டுவந்திருந்தேன், ஸ்க்ரூ கலந்துவிடாமல் இருக்க. அதைக் கொண்டுபோய் வைத்தேன். என் வீட்டுக்காரர் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, "சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்றார். நாத்தனாரும் சிரித்தார். ஆனால் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அந்த உறைகளில் ஒழுங்காகப் போட்டு மேலே எழுதி வைத்தவரும் அவர்தான். அதற்கும் எனக்குக் கோபம் வந்தது.

அவர்கள் வேலை செய்ததைப் பார்த்திருக்க வேண்டும். ஸ்டியரிங்குக்குக் கீழே மல்லாந்து படுத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் கையை மட்டும் வெளியே நீட்டுவார். வாயைத் திறக்க மாட்டார். நாத்தனார் பத்தாம் நம்பர் ஸ்பானரை அந்தக் கையில் வைப்பார். அடுத்த முறை கை நீளும், பன்னிரண்டு போகும். "அது" என்பார் இவர். எது என்று கேட்காமல் அக்கா எடுத்துக் கொடுப்பார். கல்யாணமாகிப் பதினேழு வருஷம் ஆகிறது. காபிக்குச் சர்க்கரை போதுமா போதாதா என்று இன்றுவரை நான் வாய்விட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன்.

பத்து மணிக்கு மேல் என்னையும் கூப்பிட்டார்கள். "நீ லைட்ட மட்டும் புடிச்சுக்க" என்றார் என் வீட்டுக்காரர். அந்த 'மட்டும்' இன்னும் காதில் இருக்கிறது.

போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தேன். ரேடியோ வந்தது, மீட்டர் வந்தது, ஒயர் எல்லாம் கழன்றன. சாம்பல் தட்டின் பக்கம் மட்டும் இருவர் கையும் போகவில்லை. எங்கள் வீட்டில் அது சாம்பல் தட்டே இல்லை. மாமனார் பீடி சிகரெட் தொடாதவர். கார் வாங்கிய அன்றே வைத்தீஸ்வரன் கோயில் திருநீற்றை அதில் கொட்டி வைத்தவர். வண்டியை எடுக்குமுன் அதை இழுத்து ஒரு விரல் தொட்டுப் பூசிக்கொள்வார். அவர் போன பிறகு இவரும் அப்படியே. அப்பாவும் சாமியும் இருக்கிற இடம் அது. அதற்குப் பின்னால் போய் ஒரு போல்ட்டைத் தேட அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத் தோன்றாது. வெளியிலிருந்து வந்த எனக்குத்தான் தெரியும்.

இரண்டு முனையும் கழன்றுவிட்டன. நடுவில் மட்டும் அசையவில்லை.

"எங்கயோ புடிச்சிருக்குக்கா."

"மேல பாரு, கண்ணாடியோரமா."

மேலே இல்லை. கீழே இல்லை. நான் வெளிச்சத்தை அவர்கள் சொன்ன பக்கமெல்லாம் காட்டினேன். என் வீட்டுக்காரர் திரும்பி, "உனக்கு ஏதாச்சும் தெரியுதா?" என்றார்.

"எனக்கு என்னங்க தெரியும்?"

பச்சைப் பொய். அந்தத் தாள் அப்போது என் கைப்பைக்குள் நான்காக மடித்து இருந்தது. என் கணக்கு இதுதான்: இன்னும் ஒரு பத்து நிமிஷம் திணறட்டும். அக்கா கையை விரிக்கட்டும். அப்போது நான் சாவகாசமாக, "அந்தச் சாம்பல் தட்ட உருவிப் பாருங்களேன்" என்பேன். அவர் என்னைத் திரும்பிப் பார்ப்பார். அந்த ஒரு பார்வைக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அவர்கள் பத்து நிமிஷம் காத்திருக்கவில்லை. "ஒண்ணா இழுப்போம்டா" என்றார் நாத்தனார். நான் வாயைத் திறக்கப் போனேன் என்று இப்போது சொல்லலாம், திறக்கவில்லை. படார் என்று ஒரு சத்தம். சாம்பல் தட்டு பொருந்தியிருந்த இடத்திலிருந்து ரேடியோ ஓட்டை வரை ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். திருநீறு முழுவதும் கீழே மிதியடியில் கொட்டிக் கிடந்தது.

இருவரும் முதலில் பார்த்தது திருநீற்றைத்தான். நாத்தனார் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"நான்தான்டா வேகமா இழுத்துட்டேன்."

"கொஞ்சம் பொறுத்திருக்கலாம்ல? எதுக்குக்கா இவ்வளவு அவசரம்?"

அவர் அக்காவிடம் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அன்று கேட்டேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகு வருத்தப்பட்டது உண்மை. ஆனால் முதலில் வந்தது சந்தோஷம்.

விரிசலுக்குள்ளே போல்ட்டின் தலை தெரிந்தது. அதைக் கழற்றினார்கள். ஆளுக்கொரு முனையாகப் பிடித்துப் பேசாமல் தூக்கி வெளியே வைத்தார்கள். கூலிங் பெட்டிக்குள் வைக்கோலும் பஞ்சுமாக ஒரு கூடு, நடுவில் எலி. நான்தான் முறத்தில் அள்ளிக்கொண்டுபோய் வாய்க்கால் கரையில் புதைத்தேன். யாரும் சொல்லவில்லை, எனக்கே ஏதாவது அருவருப்பான வேலை செய்ய வேண்டும் போல் இருந்தது. நாத்தனார் கொட்டிய திருநீற்றை ஒரு தாளில் அள்ளிப் பத்திரப்படுத்தினார். விரிசலுக்குப் பசை வைத்து, நான்கு மணிக்கெல்லாம் எல்லாவற்றையும் திரும்பப் பூட்டிவிட்டார்கள். கிளம்பும்போது நாத்தனார் என் கன்னத்தைத் தொட்டு, "வரேம்மா" என்றார். ஸ்கூட்டரில் ஐந்து நிமிஷத்தில் இருக்கும் பஸ் ஸ்டாப்பில் அவரை ஏற்றிவிடப் போன என் வீட்டுக்காரர், முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார். அதையும் கணக்கு வைத்தேன்.

அதற்கப்புறம் நடந்ததுதான் நான் எதிர்பார்க்காதது. அவர் என்னைக் கூப்பிட ஆரம்பித்தார். முதலில் கார் ஜன்னல் கண்ணாடி இறங்கவில்லை என்று. பிறகு மோட்டார் கொட்டகையில் பெல்ட் மாற்ற. பிறகு வீட்டு மின்விசிறி. "இங்க வாயேன், ஒரு கை புடி" என்பார். அரைத்த மாவு கையோடு ஓடியிருக்கிறேன். பத்துக்கும் பன்னிரண்டுக்கும் வித்தியாசம் தொட்டாலே தெரிகிற அளவுக்கு வந்துவிட்டேன். தீபாவளிக்கு நாத்தனார் வந்திருந்தபோது வாசல் பம்பு மக்கர் பண்ணியது. என் வீட்டுக்காரர் ஸ்பானர் பையோடு வந்ததும், "நான் எதுக்கு, அதான் அவ இருக்காளே" என்று அக்கா முறுக்கைக் கடித்தபடி உட்கார்ந்துவிட்டார். சரி, ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். அன்று நாத்தனாருக்கு இரண்டு கரண்டி பாயசம் கூடுதலாக ஊற்றினேன்.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மழை விட்டிருந்தது. காரில் வைப்பர் ஓடவில்லை என்று அவர் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் படுத்திருந்தார். நான் கதவோரம் ஸ்பானர் பைக்குப் பக்கத்தில் குந்தியிருந்தேன். அவர் கை மட்டும் வெளியே நீண்டது. ஒன்றும் சொல்லவில்லை. பத்தாம் நம்பரை வைத்தேன். கை உள்ளே போனது. அதுதான் சரி.

சந்தோஷம் தாங்கவில்லை எனக்கு. அந்தச் சந்தோஷத்தில்தான் வாய் தவறியது. ஒன்பது மாதமாகத் தொண்டையில் நின்றதைச் சொல்லிவிட்டேன்.

"ஏங்க, அன்னைக்கு அந்தச் சாம்பல் தட்டுக்குப் பின்னாடி போல்ட் இருக்குன்னு எனக்கு முன்னாடியே தெரியும்."

"தெரியும்" என்றார் உள்ளேயிருந்து.

"என்ன தெரியும்?"

"உனக்குத் தெரியும்னு தெரியும். அக்கா அன்னைக்கே பஸ் ஸ்டாப்புல சொல்லுச்சு. எல்லாப் பக்கமும் லைட்டு போச்சு, அந்த ஒரு எடத்துக்கு மட்டும் போவலன்னு."

எனக்குக் காது சுட்டது. "கோவப்பட்டாங்களா?"

"இல்ல, சிரிச்சுச்சு. தப்பு நம்ம மேலதான்டா, அவள ஒண்ணும் கேக்காதன்னுச்சு. இனிமே எதுன்னாலும் மொதல்ல அவளக் கூப்புடு, என்னைக் கூப்புடாதன்னுச்சு." கை மறுபடியும் வெளியே வந்தது. "பன்னெண்டு குடு."

"உங்க அக்காகிட்ட கேளுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே வந்துவிட்டேன்.

வெட்கப்பட்டிருக்க வேண்டும். பட்டேன், அது ராத்திரி. அந்த நிமிஷத்தில் மனசு முழுக்க ஒன்றே ஒன்றுதான்: ஒன்பது மாதமாக, தீபாவளிப் பாயசம் உட்பட, அவர்கள் இரண்டு பேரும் இதை வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை விடாமல் இருந்திருக்கிறார்கள். அடுப்படியில் எனக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. சும்மா போய் நின்றேன்.

"இங்க வாயேன், ஒரு கை புடி" என்று கொட்டகையிலிருந்து குரல் வந்தது. கூப்பிடுவது அவரா, அவருடைய அக்காவா என்று தெரியாமல் நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.