ஏரியில் இறங்கலாம் என்று சொன்னவன்

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், ஏரியில் இறங்கலாமா என்று கேட்ட ஒரு பெண்ணிடம் தாராளமாக இறங்கலாம் என்று சொன்னேன். அவளோடு போன அக்கா திரும்பி வரவில்லை. பிறகு, இறங்க வேண்டாம் என்று நான் எச்சரித்ததாக ஊரில் பொய் சொன்னேன். முதலாவது அறியாமை. இரண்டாவதற்கு அந்தப் பெயரைக் கொடுக்க முடியாது.

பழவேற்காட்டில் நான் புவியியல் ஆசிரியர். நிலநடுக்க மையத்தைக் கண்டுபிடிப்பது எனக்குப் பிடித்த பாடம். மூன்று இடங்களைச் சுற்றி மூன்று வட்டம் போட்டால், அவை சந்திக்கும் புள்ளிதான் மையம். கரும்பலகையில் அந்தப் புள்ளியை அழுத்தி வைப்பேன். அத்தோடு பாடம் முடிந்துவிடும். அங்கிருந்து தண்ணீர் எங்கெல்லாம் போகும் என்று நான் யோசித்ததே இல்லை.

அன்று விடிந்த சிறிது நேரத்தில் கட்டில் ஆடியது. சுமத்ராவுக்குப் பக்கத்துக் கடலில் நிலநடுக்கம் என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். வாசலுக்கு வந்தேன். அக்காவும் தங்கையும் ஏரிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பவர்கள். தங்கைதான் நின்றாள்.

"வாத்தியாரே, தரை ஆடுச்சே. தண்ணில எறங்கலாமா?"

"மையம் எங்கேயோ சுமத்ராகிட்டம்மா. ஆயிரம் மைலுக்கு மேல. அதுவும் கடல்ல. நீங்க போறது ஏரி. தாராளமா எறங்கலாம்."

"படிச்சவரே சொல்லிட்டாரு. வாக்கா," என்றாள்.

ஏரி முகத்துவாரத்தில் கடலோடு சேர்கிறது என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். வரைபடம் தெரிந்த நான்தான் மறந்தேன். இரண்டு மணி நேரம் கழித்துக் கடல் அந்த வழியாகவே உள்ளே வந்தது. தங்கை ஒரு படகின் கயிற்றைப் பிடித்துப் பிழைத்தாள்.

மறுநாள் யாரோ, "உங்க வாசல்ல நின்னு பேசினாங்களாமே?" என்றார்கள்.

"போகாதீங்கன்னுதான் சொன்னேன். கேக்கல," என்றேன். யோசித்துச் சொன்னதல்ல, ஆனால் திருத்தவும் இல்லை. தங்கை மறுத்துப் பார்த்தாள். வாத்தியாரின் சொல்லுக்கு முன்னால் அவள் சொல் எடுபடவில்லை. 'எறா ஆசையில அக்காவ இட்டுனு போயி கொன்னுட்டா' என்று பேசினார்கள். இறந்தவளின் மகள் அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். அவள் சித்தியோடு பேசுவதை அன்றோடு நிறுத்தினாள்.

எட்டாவது வருடம், நான் ஓய்வு பெற்றிருந்தபோது, ஏப்ரல் மாத மதியம் ஒன்றில் தரை மறுபடி ஆடியது. மறுபடியும் சுமத்ரா பக்கத்துக் கடல். கடலோரத்துக்கு எச்சரிக்கை விடுத்திருந்தார்கள். கரைக்கு ஓடினேன். பத்துப் பன்னிரண்டு பெண்கள் கழுத்தளவுத் தண்ணீரில் குந்தியிருந்தார்கள். இரண்டு கையும் சேற்றில் இருப்பதால், பிடித்த இறாலைப் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். கூப்பிட்டால் பதில் வராது.

"மேல வாங்க! அலை வரலாம்!"

எல்லோரும் அவர்களோடு இருந்த தங்கையைப் பார்த்தார்கள். அலையை உள்ளிருந்து பார்த்தவள் அவள்தான். பறியை வாயிலிருந்து எடுத்தாள்.

"அன்னிக்குப் போன்னே. இன்னிக்கு வான்றே. இன்னா வாத்தியாரே, எங்க பொழப்பு உனக்கு வெளாட்டா?"

சிலர் சிரித்தார்கள். அவள் மறுபடி பறியைக் கடித்தாள். அவள் எழாமல் மற்றவர்கள் எழமாட்டார்கள். சற்றுத் தள்ளி அக்கா மகளும் இருந்தாள், சித்திக்கு முதுகைக் காட்டியபடி.

"நான்தான் போகச் சொன்னேன்!" என்று கத்தினேன். "அன்னிக்கு இவ வந்து கேட்டா. எறங்கலாம்னு நான்தான் சொன்னேன். எச்சரிச்சேன்னு சொன்னது பொய். இவ மேல ஒரு தப்பும் இல்ல. வாங்கம்மா, மேல வாங்க!"

முதலில் எழுந்தது அக்கா மகள். என்னைப் பார்க்கவில்லை. தண்ணீரைத் தள்ளிக்கொண்டு நடந்துபோய்ச் சித்தியின் தோளைப் பிடித்தாள்.

"ஏந்திரு சித்தி. வா."

இத்தனை வருடத்தில் அவள் சித்தியிடம் பேசிய முதல் வார்த்தை அது. அதற்குப் பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

புயல் காப்பகத்து மாடியில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தோம். ஏரி அசையவில்லை. எச்சரிக்கையையும் திரும்பப் பெற்றார்கள்.

"இன்னா வாத்தியாரே, உன் அலை வர்ற வழியில திருப்பாலைவனத்துல பஸ்ஸ வுட்டுடுச்சா?" என்றாள் ஒருத்தி.

இந்த முறை கடலடி நிலம் மேலே எழும்பவில்லை, பக்கவாட்டில் நகர்ந்திருக்கிறது, அதனால்தான் பெரிய அலை இல்லை என்று இரண்டு உள்ளங்கைகளையும் உரசிக் காட்டி விளக்கினேன். அவர்களைக் கூப்பிட்டபோது அந்த விவரம் எனக்கே தெரியாது, பிறகு செய்தியில் கேட்டதுதான் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

தங்கை குறுக்கிட்டாள். "நவுந்துச்சா எழும்புச்சான்னு அப்பால கண்டுபுடி. மொதல்ல எங்கள கூப்டு."

மறுநாளிலிருந்து, நான் பொய் சொன்ன ஒவ்வொருவரிடமும் போய் உண்மையைச் சொன்னேன். சிலர் என்னோடு பேசுவதை விட்டுவிட்டார்கள். அது நியாயம். தண்ணீரில் இருப்பவர்களுக்குத் தெரியும்படி கரையில் ஒரு மூங்கில் நட்டோம். சிவப்புத் துணி ஏறினால் கேள்வி கேட்காமல் மேலே வரவேண்டும். கடைசிப் பெண் கரையேறும்வரை துணியை இறக்கக் கூடாது. இன்று எல்லோரிடமும் கைபேசி இருக்கிறது. ஆனால் பறியோடு இறங்குகிறவர்கள் அதைக் கரையில்தான் வைக்கிறார்கள். மூங்கிலை இதுவரை மூன்று முறை மாற்றியாகிவிட்டது.

அந்த ஏப்ரலுக்கு அடுத்து வந்த தை மாதம் அக்கா மகளுக்குக் கல்யாணம். அம்மா நிற்க வேண்டிய இடத்தில் சித்தி நின்றாள். மறுநாள் விருந்துக்கு எனக்கும் சொல்லியிருந்தார்கள். கடைசிப் பந்தியில் ஓரமாக உட்கார்ந்தேன். தங்கை நண்டுக் குழம்போடு வந்தாள். போதும் என்று இலையின் மேல் கையை நீட்டினேன்.

"கைய எடு வாத்தியாரே," என்று சொல்லி, ஒரு முழு நண்டை வைத்துவிட்டு அடுத்த இலைக்குப் போனாள்.