குடுவையைச் சுற்றிய ஈரத் துணி

1954-ல் ஓசூரில் எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்தக் கர்வம் எனக்கு நிறையவே உண்டு.

ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வரும் நாளில் ஹைட்ரஜனை எரித்துக் காட்ட வாத்தியார் என்னைத் தேர்ந்தெடுத்தார். மார்க்கில் எனக்கு அடுத்தபடியாக இருந்தவள் லேப் அட்டெண்டரின் அக்கா மகள். அவர்கள் தளி ஊர்ப் பக்கம், வீட்டில் கன்னடம். சொந்தக்காரப் பெண்ணை விட்டுவிட்டு எனக்கு இவர் ஒழுங்காக உதவி செய்வாரா என்று அப்போதே மனதில் முள் தைத்தது.

அன்று காலை துத்தநாகத் துண்டுகளின் மேல் அமிலம் ஊற்றிக் குடுவையை அவர்தான் தயார் செய்தார். வாயு கொஞ்ச நேரம் வெளியேறியதும், சோதனைக் குழாயில் பிடித்துத் தீயில் காட்டினார். காற்று கலந்திருந்தால் கீச்சென்று வெடிக்கும். சத்தமில்லாமல் எரிந்தது. வாத்தியார் திருப்தியோடு இன்ஸ்பெக்டரை அழைத்துவரப் போனார். அதன் பிறகு அட்டெண்டர் ஓர் ஈரத் துணியைக் குடுவையைச் சுற்றிக் கட்டினார். வேறு யாருக்கும் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

"எதுக்குண்ணா துணி?"

"இருக்கட்டும் கண்ணு. நீ கார்க்கைத் தொடாம இரு, போதும்."

எதையோ மறைக்கிறார் என்றே தோன்றியது. அவர் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் துணியை அவிழ்த்தேன். விரிசல் இல்லை. கார்க்கைப் பிடுங்கி உள்ளேயும் பார்த்துவிட்டு மூடினேன். திரும்பி வந்தவர் அவிழ்ந்த துணியை மட்டும்தான் கவனித்தார்.

"என்ன கண்ணு, தொட்டில்ல புள்ள முழிச்சிக்கிச்சான்னு பாத்தியா?" என்று சிரித்து, மறுபடி இறுக்கிக் கட்டினார்.

இன்ஸ்பெக்டர் வந்தார். குடுவையிலிருந்து வாயு வெளியே வரும் குழாயின் முனையில் நான் தீக்குச்சியை வைத்தேன். குடுவை வெடித்தது. மணிக்கட்டில் சின்னச் சூடு, அவ்வளவுதான். கண்ணாடி முழுவதும் துணிக்குள்ளேயே நொறுங்கிக் கிடந்தது.

"காத்து போச்சான்னு சரியாப் பாத்தியாய்யா? இனிமே உனக்கு இங்க வேலை இல்ல" என்று வாத்தியார் அட்டெண்டர் மேல் பாய்ந்தார். அவர் தலை குனிந்து நின்றார். நான் பேசாமலிருந்தால் பழி அவரோடு போய்விடும்.

"நான்தான் சார் கார்க்கைத் திறந்தேன்."

"ஏன் திறந்தே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இவர் ஏதாவது கெடுத்து வெச்சிருப்பார்னு நெனச்சேன் சார்."

அவருடைய அக்கா மகள் உட்பட வகுப்பே கேட்டது. அட்டெண்டர் என்னைப் பார்க்காமல் துணியை மடித்தபடி சொன்னார்: "மத்த புள்ளைங்க பத்த வெச்சிட்டு தள்ளி ஓடும். நீ மட்டும் மூஞ்சியக் கிட்ட வெச்சி குனிஞ்சி பாப்ப. அதுக்குத்தான் துணி."

அவர் வேலை தப்பியது. மறுவாரம் அதே சோதனையைச் செய்தவள் அவருடைய அக்கா மகள்.

இன்றும் யார் மேலாவது சந்தேகம் எழுந்தால், அன்று அட்டெண்டர் வாசலில் போய் உதறிய அந்தத் துணி நினைவுக்கு வருகிறது. அதிலிருந்து உதிர்ந்த தூளெல்லாம் என் கண்ணுக்குள் போயிருக்க வேண்டியது.