புளி போட்டு விளக்கிய எகிப்துக் காசுகள்

மாமா காசை விளிம்பில்தான் பிடிப்பார். கட்டைவிரலும் சுட்டுவிரலும் மட்டும். முகத்தில் விரல் படக் கூடாது. ஓரம் அலை அலையாக நெளிந்த எகிப்து வெண்கலக் காசு அது. குல்லாய் வைத்த இளம் மன்னர் ஒருவர் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருப்பார். அரை நூற்றாண்டில் அது புளியங்கொட்டை நிறத்துக்குக் கறுத்திருந்தது. சேகரிப்பவர்களுக்கு அந்தக் கறுப்புதான் அதன் மதிப்பு என்பது எனக்கு அப்போது தெரியாது.

மாமா என்று நான் சொல்வது என் மாமனாரை. தொண்ணூறுகளின் நடுவில் திருநெல்வேலி டவுணில் அவர் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். யுத்தகாலத்தில் பட்டாளத்துக் குமாஸ்தாவாக எகிப்துக்குப் போனவர், சட்டைப்பையில் மிஞ்சிய சில்லறையோடு திரும்பி, அதன் பிறகு அந்த மன்னர் காலத்துச் சில்லறைகளை மட்டுமே சேர்த்தார். வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருக்கும் மேலப்பாளையத்துக்கு யார் ஊர் திரும்பினாலும், காசு கேட்டுப் போய் நிற்பார். வெள்ளிக் காசு கொடுத்தால்கூட வேண்டாம் என்பார். “வெள்ளி பெட்டிக்குள்ள தூங்கும்மா. ஊரு டீ குடிச்சது இதுலதான்.” பாளையங்கோட்டையில் நடக்கும் நாணயக் கண்காட்சியில் பவுனும் வெள்ளியும் வைத்திருப்பவர்களுக்கே மேசை கொடுப்பார்கள். மாமாவின் சில்லறைக்கு அந்த வருடம்தான் முதன்முதலாக இடம் கிடைத்திருந்தது.

கண்காட்சிக்கு முந்தின நாள், கார்த்திகைக்காக வீட்டு விளக்குகளையெல்லாம் அத்தை என் முன்னால் குவித்தார். எனக்குத் தலைக் கார்த்திகை. மாமியாரிடம் நல்ல பெயர் வாங்கிவிட வேண்டுமென்று ஒரே துடிப்பு. மாமா வெளியே போயிருந்தார். மேசையில் துணி விரித்து, காசுகளை எடுத்து வைத்திருந்தார். இத்தனை கறுப்பாகவா நாலு பேர் முன்னால் வைப்பது? புளியும் சாம்பலும் கையிலேயே இருந்தன. அள்ளிக்கொண்டு வந்து விளக்குகளோடு சேர்த்துத் தேய்த்துவிட்டேன். அடிப்பாவி, எவ்வளவு ஆசையாகத் தேய்த்தேன்! அத்தை பூரித்துப்போனார். “ஏங்க, மருமக கையப் பாத்தீங்களா? பவுனு மாதிரில்லா மின்னுது!” உள்ளே வந்த மாமா நின்றபடியே பார்த்தார். ஒரு காசை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார். “நல்லாத் தேச்சிருக்கா” என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

மறுநாள் பெருமையோடு நானும் கூடப் போனேன். தூத்துக்குடியிலிருந்து வந்த அவருடைய சிநேகிதர் ஒரு காசைக் கையில் எடுத்ததும் முகம் சுளித்தார். “என்ன வே இது, சாமான் வெளக்குத மாதிரி வெளக்கி வச்சிருக்கீரு? இனி இத எவன் தொடுவான்? எந்த மடப்பய செஞ்ச வேல?” சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். “நாந்தான் வே. கை சும்மா இருக்கல” என்றார் மாமா. என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. அன்றைக்கு அந்த மேசைப் பக்கம் அதற்குமேல் யாரும் வரவில்லை. திரும்பி வரும்போது டவுண் பஸ்ஸில் அழுதுகொண்டே கேட்டேன். “நேத்தே என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமே மாமா.” அவர் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்: “திட்டுனா மட்டும் திரும்பக் கறுக்குமாம்மா?”

அந்த வெட்கமாவது தேவலை. இன்று அந்தக் காசுகள் என் பீரோவில் இருக்கின்றன. பிள்ளைகள் எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நினைவு வருவது அடுத்த கார்த்திகைதான். அத்தைக்கு விஷயமே தெரியாது. விளக்குகளோடு காசுக் கிண்ணத்தையும் கொண்டுவந்து வைத்தார். “மங்கிப்போச்சு பாரு. போன வருசம் மாதிரி பளபளன்னு ஆக்கிரு.” வேண்டாம் அத்தை என்று இழுத்தேன். “ஏன், போன வருசம் யாரு சொல்லித் தேச்ச? இப்ப நான் சொன்னா கசக்குதோ?” என்று அத்தை குரலை உயர்த்தினார்.

நாற்காலியில் இருந்த மாமா எழுந்து வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சரியாக மடங்காத முழங்காலை மெல்ல மடக்கி, ஈரத்தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். “அவளை விடு. காச நான்லா தேய்ப்பேன்” என்றார். புளியைப் பிய்த்து எடுத்து, மன்னர் முகத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தார். “அந்தச் சாம்பல இப்படித் தள்ளும்மா” என்றார். நான் தலையை நிமிர்த்தாமல் தள்ளிவைத்தேன்.