முஸ்தபா பாய் வீட்டுத் தளத்துக்கு எவ்வளவு கான்கிரீட்?

வீடு கட்டும் தொழிலில் பாதித் தவறுகளைப் பூச்சு வேலையில் மறைத்துவிடலாம். கான்கிரீட் கணக்கில் விட்ட தவறு மட்டும் மொட்டை மாடியில் நாலு பேர் பார்க்க நிற்கும். நீங்களும் சைட்டில் டேப் பிடித்தவர் என்றால் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

ஆம்பூரில் ஒரு சின்னக் கான்ட்ராக்டரிடம் இன்ஜினியராக வேலைக்குச் சேர்ந்த புதிதில், நானே தனியாகக் கணக்குப் போட்ட முதல் வீடு முஸ்தபா பாய் வீடு. அந்த வீட்டுக் கதைகளைத்தான் சொல்லப்போகிறேன்.

சதுர அடிக்காரர்

முஸ்தபா பாய் தோல் தொழிற்சாலையில் செலக்‌ஷன் பார்ப்பவர். சதுர அடிக் கணக்கில் விலைபோகும் ஒவ்வொரு தோலையும் விரலால் தடவி, இது இந்தக் கனம், அது அந்தக் கனம் என்று பிரித்து அடுக்குவார். மனைவியோடும் இரண்டு பெண்களோடும் அவர் குடியிருந்தது ஓட்டு வீட்டில். மழை வந்தால் நாலு பேரும் ஒரே மூலையில் ஒதுங்கிப் படுப்பார்களாம். டைல்ஸ், பெயின்ட் பற்றியெல்லாம் அவர் வாய் திறக்கவில்லை. தளம் ஒழுகக் கூடாது, அவ்வளவுதான் கேட்டார்.

நான் நீளத்தை அகலத்தால் பெருக்கி, அதைக் கனத்தாலும் பெருக்கி எழுதுவதை எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "தொள்ளாயிரம் சதுர அடி பாய், ஐந்து அங்குலக் கனம்" என்றேன். ஐந்து அங்குலம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்குமா என்று கேட்டார். கண்டிப்பாக இருக்கும் என்று அடித்துச் சொன்னேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டே சொன்னார்: "ஒரே மாட்டுத் தோலே கழுத்தாண்ட ஒரு கனம், வயித்தாண்ட ஒரு கனம் இருக்கும். உன் தளம் ரொம்ப நல்ல மாடும்மா!"

குழி சொன்ன பாடம்

அஸ்திவாரத்துக்கு வரைபடத்தில் இருந்தபடி அச்சாகக் கணக்குப் போட்டேன். குழியோ என் கணக்கை மதிக்கவில்லை. பாலாற்றுப் பக்கத்து மண் அல்லவா, ஓரமெல்லாம் சரிந்து, நாலடிக் குழி நாலே முக்கால் அடியாக வாயைப் பிளந்திருந்தது. மிக்சர் மெஷின் ஓடிக்கொண்டே இருக்க, நாலு குழி பாக்கி இருக்கும்போதே ஜல்லி தீர்ந்துபோனது.

பதற்றத்தில் ஜல்லியும் எம்-சாண்ட் மணலும் தேவைக்கு மேலே வரவழைத்தேன். வேலை முடிந்தும் வாசலில் ஒரு குவியல் மிச்சம். குப்புசாமி மேஸ்திரி, வேலூர் மாவட்டத்தில் பாதி வீட்டுக்குத் தளம் போட்டவர், அந்தக் குவியலின் மேல் உட்கார்ந்து பீடி பற்றவைத்தபடி என்னைத் தேற்றினார்: "பேப்பர்ல குழி நேரா கீது மேடம். மண்ணு இன்னா பேப்பரப் பாத்தா சரியுது?"

நூலுக்குக் கீழே ஒரு கை

மண்தான் சரியும், கான்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் பலகை சரியாதே! அந்தத் தைரியத்தில் மேல்தளத்துக்குப் பீம், சன்ஷேட் எல்லாம் சேர்த்துப் பிளான்டில் கலந்து லாரியில் வரும் ரெடிமிக்ஸ் பன்னிரண்டு கியூபிக் மீட்டர் சொன்னேன். தளத்தை ஒரே மூச்சில் போட்டு முடிக்க வேண்டும். பாதியில் நின்று, போட்டது இறுகிய பிறகு மீதியைப் போட்டால் இரண்டும் சரியாக ஒட்டாது. மழை அந்த இணைப்பில்தான் இறங்கும்.

முந்தின நாள் சாயங்காலம் பாய் மேலே ஏறி வந்தார். மட்டத்துக்காக ஓரத்திலிருந்து ஓரத்துக்குக் கட்டியிருந்த நூலுக்கும் பலகைக்கும் நடுவில் கையை விட்டுப் பார்த்துக்கொண்டே நடந்தார். ஹாலுக்கு மேலே நின்று, இங்கே ஜாஸ்தி என்றார். பலகையைத் தாங்கிய முட்டுகள் நின்ற மண் கொஞ்சம் அமுங்கியிருந்தது. மேஸ்திரி உடனே ஆப்பு அடித்து மேலும் இறங்காமல் இறுக்கினார். ஆனால் இறங்கினது இறங்கினதுதான். நான் டேப்பை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. அரை அங்குலத்தில் என்ன ஆகிவிடும் என்ற திமிர். சிரித்துக்கொண்டே, "இது தோல் இல்ல பாய், கான்கிரீட்" என்று சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நீ படிச்ச பொண்ணு, நீ சொன்னா சரிதாம்மா" என்றார்.

வெள்ளிக்கிழமை, பத்தரை மணி

வெள்ளிக்கிழமை தொழிற்சாலை லீவு. பாயின் கூட்டாளிகள் தளம் போடுவதைப் பார்க்கவும், முடிந்ததும் பிரியாணி சாப்பிடவும் வந்திருந்தார்கள். பத்தரை மணிக்கு இரண்டாவது லாரியும் காலி. பெட்ரூமுக்கு மேலே ஒரு மூலை முழுக்க வெறும் கம்பி தெரிந்தது. ஹாலோடு நிற்காமல் அந்த அரை அங்குலம் தளம் முழுக்கப் பரவி ஒரு கியூபிக் மீட்டரை விழுங்கிவிட்டது. பிளான்டுக்குப் போன் செய்தால், அடுத்த லாரி வர மூன்று மணி நேரம் ஆகுமாம். வெயிலோ வேலூர் வெயில். பாயின் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

அப்போதுதான் கீழே மிக்சர் மெஷின் உறுமியது. முந்தின நாளே பாய் மேஸ்திரியிடம் சொல்லி மெஷினையும் பத்து மூட்டை சிமெண்டையும் நிறுத்திவைத்திருக்கிறார். ஜல்லியும் மணலும்தான் வாசலில் இருந்ததே! செலக்‌ஷன்காரர்கள் லுங்கியை மடித்துக்கட்டி வரிசையாக நின்று, பாண்டுச் சட்டி சட்டியாகக் கைமாற்றி மேலே ஏற்றினார்கள். ஓரம் இறுகும் முன்னே மூலை நிறைந்தது. எட்டு மூட்டை போதுமானது. எல்லாரும் குளித்து ஜும்மாவுக்குப் போகவும் நேரம் இருந்தது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். பாய் கையில் ஒட்டிய சிமெண்டைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "மொத வீடு உனக்கு. வேலக்காரங்க எதுர்ல உன் கணக்கு தப்புன்னா அப்பறம் உன் பேச்ச எவன் கேப்பான்? நான் சொன்னது தப்பா இருந்தா, மூட்டையத் திருப்பிக் குடுத்துட்டுப் போறேன்."

போனில் மெஹருன்

ஐப்பசியில் மூன்று நாள் அடைமழை. எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த மூலையே கண்ணில் நின்றது. மூன்றாம் நாள் மதியம் பாய் வீட்டுக்குப் போன் போட்டேன். அவர் மனைவி மெஹருன் எடுத்தார். தயங்கித் தயங்கி, பெட்ரூம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அவர் சிரித்தார்: "மழ பெய்யுதுன்னே எதுர் வீட்டம்மா சொல்லித்தாம்மா எங்களுக்குத் தெரிஞ்சிது!"

கான்கிரீட் கணக்கில் நான் கெட்டிக்காரி என்று இன்று வாணியம்பாடி வரைக்கும் பெயர் வாங்கியிருக்கிறேன்; அதில் பாதிக்கு மேல் தோல் தடவும் ஒருவரின் விரலுக்குச் சேர வேண்டியது என்பது, நல்ல வேளையாக, உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.