போகாத

பக்கவாதம் வந்து படுத்த பிறகு அம்மாவின் வாயில் ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியது. 'போகாத.' தண்ணீர் வேண்டுமானாலும் அதுதான், முதுகு அரித்தாலும் அதுதான். சிலருக்கு இப்படி ஏதோ ஒரு சொல் தங்கிவிடும், அதில் அர்த்தம் தேட வேண்டாம் என்றார் டாக்டர். நானும் அண்ணனும் தலையாட்டினோம். அப்பா ஆட்டவில்லை.

அப்பா பட்டாளத்தில் இருந்தவர். சொந்தக் கிராமம் மார்டள்ளியிலிருந்து போய்ச் சேர்ந்து, பனிமலைகளில் லாரி ஓட்டி, ஹவில்தாராக ஓய்வு பெற்று, மைசூரில் இந்த மூன்றாம் மாடி வீட்டை வாங்கினார். நடக்காமல் அவரால் இருக்க முடியாது. குக்கரஹள்ளி ஏரியைச் சுற்றிவிட்டு வந்தால்தான் காலைக் காபி. அந்த மனிதர் அம்மா படுத்ததிலிருந்து வாசலைத் தாண்டவில்லை. ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவே நடந்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சாமுண்டி மலையைப் பார்த்து நிற்பார். உள்ளேயிருந்து 'போகாத' என்று கேட்கும். "இங்கதான் இருக்கேன்" என்று திரும்பிவிடுவார்.

ஒருநாள் அவருடைய பட்டாளத்துச் சிநேகிதர்கள் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். என்னைக் கட்டிக்கொடுத்த பக்கத்துப் பேட்டையிலிருந்து நான் வந்து, "அம்மாவை நான் பாத்துக்கறேன், போயிட்டு வாங்கப்பா" என்றேன். சட்டையை இஸ்திரி போட்டு, ஷூ மாட்டிக் கதவு வரை வந்துவிட்டார். அம்மா சொன்னாள். அவர் குனிந்து ஷூ நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அது வெறும் சத்தம்ப்பா. டாக்டர் சொன்னாரில்ல?"

"லீவு முடிஞ்சு நான் பஸ் ஏறுறப்பல்லாம் உங்கம்மா வேலிகிட்ட நின்னு பாத்துட்டே இருப்பா. ஒரு வார்த்தை சொன்னதில்ல கண்ணு. இப்பதான் சொல்றா."

அவர் அவிழ்த்த ஷூவை எடுத்துக் கதவோரம் வைத்தேன்.

பிறகு ஒரு காலையில் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த ஆளைப் பார்த்தும் அம்மா 'போகாத' என்றாள். அவன் சிரித்துக்கொண்டே, மறுபடியும் வருவேன் என்று கன்னடத்தில் சொல்லிவிட்டுப் போனான். அப்பா அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். சமையலறை ஸ்டூலில் போய் உட்கார்ந்தார்.

"காவல் நிக்கறவனுக்குக்கூட மாத்து ஆள் வருவான்" என்றார். அவர் வாயிலிருந்து அப்படியொரு பேச்சை நான் கேட்டதில்லை.

"நர்ஸ் வெச்சுக்கலாம்ப்பா."

"எல்லார்கிட்டயும்தான் உங்கம்மா சொல்றான்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சும் எந்திரிச்சுப் போக முடியல."

சீப்பை எடுத்துக்கொண்டு அம்மாவுக்குத் தலைவாரப் போனார். சிக்கு விழாமல் வாருவதற்கு அதற்குள் பழகியிருந்தார்.

ஒரு மழைக்காலத்து மத்தியானம் அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு, கட்டிலருகே நாற்காலியில் சாய்ந்தவர் அப்படியே போய்விட்டார். சிநேகிதர்கள் கொடி கொண்டுவந்து போர்த்தினார்கள். லிஃப்டில் படுக்கவைக்க இடம் போதவில்லை. தோளில் தூக்கிக்கொண்டு படிகளில் இறங்கினார்கள். அண்ணன் முன்னால் போனான். அக்கம்பக்கத்தார் எல்லோரும் பின்னால் போனார்கள்.

தெருமுனை வரையாவது கூடப் போக வேண்டும் என்று இருந்தது எனக்கு. அம்மாவைத் தனியே விட முடியாது. கதவைச் சாத்திவிட்டு வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர்கள் ஒவ்வொரு மாடியாக இறங்கிப் போகும் சத்தம் கேட்டது.