தபாலட்டையில் விழுந்த கட்டைவிரல்

இரண்டு வருடத்துக்கு முன்னர், வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடிந்த அடுத்த கிழமை, முல்லைத்தீவில் ஒரு பொதுநோக்கு மண்டபத்தில் தொடங்கிய கதை இது. சனங்களிடம் மிஞ்சியிருக்கும் பழைய கடிதங்கள், தபாலட்டைகள், பத்திரிகைத் துண்டுகளை ஸ்கேன் செய்து இணைய ஆவணகம் ஒன்றில் ஏற்றும் குழுவில் நான் தொண்டராக இருந்தேன். நான் எடுக்கும் படங்கள் கோணாமல், அழுக்கில்லாமல் பளிச்சென்று இருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அன்று ஒரு முஸ்லிம் பெண்மணி வந்தார். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது இடம்பெயர்ந்து, நெடுங்காலம் புத்தளத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். பொலித்தீன் பைக்குள் ஒரேயொரு தபாலட்டை வைத்திருந்தார். அவர் புத்தளத்தில் இருந்தபோது, ஊரில் பக்கத்து வீட்டில் இருந்த அக்கா, மீன்பிடிக் குடும்பத்தைச் சேர்ந்தவர், அவருக்கு எழுதியது. 'உங்கட கோழியள் எங்கட வளவிலதான் நிக்குது. முட்டையை நாங்கள்தான் சாப்பிடுறம், கோவிக்காதேங்கோ' என்று இருந்தது. வாசித்துவிட்டு இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

சிரித்து முடிந்ததும் அவர் முகம் வாடிவிட்டது. இரண்டாயிரத்து ஒன்பதில் நடந்த கடைசிச் சண்டைக்குப் பிறகு அந்த அக்கா உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாதாம்.

"இதை நெட்டில போட்டா அவாவின்ர பிள்ளையளாவது பாப்பினமோ மகள்?"

"பாக்கலாம் உம்மா. அட்டையைத் தாங்கோ."

அங்கேதான் சிக்கல். ஸ்கேனர் கண்ணாடியில் அட்டையை வைத்தார், ஆனால் கையை எடுக்கவில்லை.

"ஏலாது மகள். ஊரை விட்டு வெளிக்கிடேக்க கையால குடுத்த சாமான் ஒண்டும் திரும்பி வரேல்லை. இது என்ர கையிலயே இருக்கட்டும்."

எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன், அசையவில்லை. மூடியைப் பாதி திறந்தபடி வைத்தே எடுத்தேன். அட்டையின் ஓரத்தில் அவருடைய கட்டைவிரல் கொழுக்கென்று விழுந்திருந்தது.

எங்கள் குழுத் தலைவர் படத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். விரல் இல்லாமல் எடுக்க வேண்டுமாம். ஸ்கேனரைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கே போனேன். தேத்தண்ணி தந்தார், வட்டிலப்பம் தந்தார், அட்டையை மட்டும் தரவில்லை. இந்த முறை படத்தில் இரண்டு விரல்கள்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடைசியில் தலைவருடன் சண்டை பிடித்து, முதல் படத்தையே ஏற்றவைத்தேன்.

சில மாதங்கள் கழித்து, ஆவணகப் பக்கத்தில் போட்டிருந்த என் எண்ணுக்கு வவுனியாவிலிருந்து ஓர் அழைப்பு வந்தது.

"பிள்ளை, அந்தக் கோழிக் கார்ட் எழுதினது நான்தான்! மகள் போனில காட்டினவள். என்ர எழுத்தைப் பிறகுதான் பாத்தனான். முதல்ல கண்டது அந்த விரலைத்தான். மீன் வெட்டேக்க என்ர கத்தி பட்டு நகம் பிளந்த விரல். அவா இருக்கிறா, என்ன? எனக்கு உடன அவாவைப் பாக்கவேணும்."

அடுத்த ஞாயிறே பஸ்ஸில் வந்து இறங்கினார். நானும் உம்மாவின் வீட்டில்தான் நின்றேன். வாசல் கேற்றடியில் அக்காவின் குரல் கேட்டதும், ஒருவரிடமும் கொடுக்காத அந்த அட்டையை என் கையில் திணித்துவிட்டு உம்மா ஓடினார். இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள், பிறகு சிரித்தார்கள். நானும் அழுதேன். அட்டை முழுதாக என் கையில் இருந்தது. சுத்தமாக ஒரு படம் எடுத்திருக்கலாம், எனக்குத் தோன்றவேயில்லை.

இப்போதும் யாராவது தங்கள் கடிதத்தைக் கைவிட்டுத் தர மறுத்தால், "பிடிச்சுக்கொண்டே இருங்கோ" என்று சொல்லிவிடுகிறேன். தூரத்தில் யாரோ ஒருவர் அந்தக் கடிதத்தைவிட அந்தக் கையைத்தான் தேடிக்கொண்டிருக்கக்கூடும் என்று எனக்குத் தெரியும்.